கை தேர்ந்தவன் எல்லாம் ஃபோர்மேன் ஆக முடியுமா?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எதைப் பத்தி எழுதறது?" என்று முழித்தேன். "ஏதாவது தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுடா மாப்ளே, பக்கம் ரொம்பணும்" என்றான். தன்னம்பிக்கைக் கட்டுரை எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஏழையாய்ப் பிறந்தார், உழைத்தார், உயர்ந்தார். நீயும் உழை, உயர்வாய்! படிக்கும்போது நரம்பெல்லாம் முறுக்கேறும். மறுநாள் காலையில் லேத் முன்னால் நிற்கும்போது ஒரு வரி கூட ஞாபகத்துக்கு வராது.

நான் எழுதப்போவதும் ஜெயித்தவர் கதைதான். ஆனால் ஜெயித்த பிறகு தோற்றவர் கதை. அந்தத் தோல்வியும் ஒரே நாளில் வந்ததல்ல, ஒன்பது வருஷம் நீடித்தது. அதற்குப் பிறகும் மரியாதை கெடாமல் எழுந்து வேறொரு வேலைக்குப் போனவர். பெயர் பார்ட் ஸ்டார். அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்.

"அமெரிக்க ஃபுட்பாலுக்கும் டிப்ளமோவுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

இந்த வருஷம் எங்கள் பிரிவுக்கு வந்த முதல் கேம்பஸ் இண்டர்வியூவில் எல்லோரிடமும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று. "அஞ்சு வருஷம் கழிச்சு என்னவா இருப்பீங்க?" உள்ளே போனவர்கள் 23 பேர். 23 பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறோம். "சூப்பர்வைசர் சார்", "மேனேஜர் சார்". ஒருத்தன் கூட "நல்ல டர்னரா இருப்பேன் சார்" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று இரவு வீட்டுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சூப்பர்வைசர்னா என்ன வேலைன்னு தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு கம்பெனியில் 16 வருஷம் டர்னராக இருந்தவர். மைக்ரோமீட்டரை எடுப்பதற்கு முன்பே சைஸ் சொல்லிவிடுவார் என்று அவருடைய சகாக்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கைத்திறமைக்காகவே ஒருநாள் அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வீட்டில் பாயசம் வைத்தோம். 14 மாதம்தான். மற்றவர்கள் முடிக்காத வேலையை ராத்திரி தானே நின்று முடித்துக் கொடுத்தார். பழைய நண்பர்களோடு மனஸ்தாபம். தூக்கம் போச்சு. "என்னை மறுபடி மெஷினுக்கே அனுப்பிடுங்க" என்று கேட்டார், முடியாது என்றார்கள். வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு சின்ன ஷெட்டில், பழைய லேத் ஒன்றை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த 14 மாதத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அது எங்கள் வீட்டுக்கு ஒரு தலைக்குனிவு என்றே நினைத்திருந்தேன். பார்ட் ஸ்டாரைப் பற்றிப் படித்த பிறகுதான் அது தலைக்குனிவு இல்லை என்று புரிந்தது.

முதலில் ஆட்டம்

இது நாம் காலால் உதைத்து ஆடும் ஃபுட்பால் அல்ல. நீள்வட்டப் பந்து. பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம். பந்து கையில் இருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். பந்தோடு எதிரணி எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 பாயிண்ட்.

ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேருவது ஒருவரின் கைக்கு. அவர்தான் குவாட்டர்பேக். ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தூரத்தில் இருப்பவனுக்கு எறிவதா, தானே ஓடுவதா? எதிரே மலை போல் ஆட்கள் பாய்ந்து வரும்போது இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். ஸ்டார் ஆடிய காலத்தில் அடுத்த ஆட்டம் என்ன என்பதைப் பெரும்பாலும் குவாட்டர்பேக்கே மைதானத்தில் சொல்லுவார். அதாவது மெஷினையும் அவரே ஓட்ட வேண்டும், பிராசஸ் ஷீட்டையும் அவரே எழுத வேண்டும்.

இருநூறாவது ஆள்

ஸ்டார் பிறந்தது 1934-ல், அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில். அப்பா ராணுவக்காரர். அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதுகில் காயம். கடைசி வருஷமான 1955-ல் அவரைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த வருஷம் அந்த அணி ஆடியது 10 ஆட்டம், தோற்றதும் 10 ஆட்டம்! தோற்கிற அணியிலேயே இடம் இல்லாதவன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே கல்லூரி முடிப்பவர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1956 டிராஃப்டில் 30 சுற்று, மொத்தம் 360 பேர். ஸ்டார் எடுக்கப்பட்டது 17-வது சுற்றில், 200-வது ஆளாக. அதுவும் எப்படி? அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் ஜானி டீ, கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு ஆள் தேர்வு செய்த ஜாக் வைனிசியிடம், "இந்தப் பையனைப் பாருங்க" என்று சிபாரிசு செய்ததால். ஃபுட்பால் கோச் கண்ணில் படாதவன் கூடைப்பந்து கோச் கண்ணில் பட்டிருக்கிறான்!

கவுன்சிலிங் ரேங்க் லிஸ்டில் பெயர் எங்கேயோ கீழே கிடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதனால் இந்த 200 என்ற எண் என் மனசில் ஒட்டிக்கொண்டது.

கிரீன் பே சின்ன ஊர். பெரிய நகரங்களின் அணிகளுக்கு நடுவே இந்த ஊர் அணி மட்டும் தனி முதலாளி இல்லாமல், 1923 முதல் பொதுமக்களே பங்குதாரர்களாக நடத்திவரும் அணி. 1958-ல் அந்த அணி 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் ஜெயித்தது. 1959-ல் வின்ஸ் லம்பார்டி என்ற புதுக் கோச் வந்தார். வந்தவுடன் ஸ்டாரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. ரொம்ப சாது, அதிர்ந்து பேசாதவன், இவன் எப்படித் தலைமை தாங்குவான் என்ற சந்தேகம் அவருக்கு. வேறொருவரைத்தான் முதலில் ஆட வைத்தார்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம். பயிற்சியில் ஸ்டார் எறிந்த பந்து யார் கையிலோ தட்டி எதிரணியிடம் போய்விட்டது. லம்பார்டி எல்லோர் முன்னாலும் காட்டுக்கத்தல் கத்தினார். ஸ்டார் அங்கே எதிர்த்துப் பேசவில்லை. பிறகு அவருடைய அறைக்குப் போனார். 'தப்பு செய்தால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் தலைமை தாங்க வேண்டியவர்கள் முன்னால் திட்டினால் என் பேச்சை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? இந்த அறையில் வைத்துத் திட்டுங்கள்' என்ற பொருளில் சொன்னார். லம்பார்டி ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மற்றவர்கள் முன்னால் அவரைத் திட்டவில்லை. சாது என்றால் முதுகெலும்பு இல்லாதவன் என்று அர்த்தமில்லை, பார்த்தீர்களா!

1960-ல் இறுதியாட்டத்தில் தோல்வி. அதற்குப் பிறகு 1961, 1962, 1965, 1966, 1967 ஆகிய ஐந்து சீசன்களில் சாம்பியன். முதல் இரண்டு சூப்பர் பவுல் போட்டிகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது ஸ்டாருக்குத்தான். இருநூறாவது ஆள்!

கடைசி 16 விநாடி

1967 டிசம்பர் 31. கிரீன் பேயில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியுடன் லீக் சாம்பியன்ஷிப் ஆட்டம். பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிர். மைதானத்துக்கு அடியில் பதித்திருந்த ஹீட்டிங் சிஸ்டம் வேலை செய்யவில்லை. தரை கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. நடுவர்களால் விசில் ஊத முடியவில்லை, வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். இன்றும் அதை 'ஐஸ் பவுல்' என்கிறார்கள்.

கிரீன் பே 14, டல்லஸ் 17. மீதி 4 நிமிஷம் 50 விநாடி. போக வேண்டிய தூரம் 68 கெஜம். ஸ்டார் கொஞ்சம் கொஞ்சமாக அணியை நகர்த்திக்கொண்டு போனார். கடைசியில் எல்லைக்கோட்டுக்கு இரண்டு அடிதான் பாக்கி. பந்தை வாங்கி ஓடியவர் இரண்டு தடவை வழுக்கினார். மீதி 16 விநாடி. நிறுத்தக் கேட்கும் வாய்ப்பும் தீர்ந்துபோச்சு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்யலாம். தானே பாய்ந்து முடியாமல் போனால், உதைக்கக் கூட நேரம் இருக்காது.

ஸ்டார் லம்பார்டியிடம் போய், 'பின்னாலிருந்து ஓடி வருகிறவர்களுக்குத் தரை பிடிக்கவில்லை, நானே புகுந்துவிடுகிறேன்' என்ற அர்த்தத்தில் சொன்னார். கூட்டாளிகளிடம் வழக்கமான ஆட்டத்தின் பெயரைத்தான் சொன்னார். பந்து தனக்கு வரும் என்று நம்பித்தான் சக் மெர்சீன் ஓடிவந்தார். ஸ்டார் பந்தைக் கொடுக்காமல், முன்னே நின்றவர்கள் உண்டாக்கிய இடைவெளியில் தானே விழுந்து கோட்டைக் கடந்தார். 21-17. வெற்றி!

இதை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பாராட்டியிருப்பார்கள். நான் இதில் வேறொன்றைப் பார்க்கிறேன். நெருக்கடி முற்றியபோது அவர் எடுத்த முடிவு: 'நானே செய்கிறேன்.' ஆட்டக்காரனுக்கு அது வீரம். அதே ஆள் மைதானத்துக்கு வெளியே கோட் போட்டு நிற்கும்போது அந்த வழி மூடிக்கிடக்கும். அங்கே நின்று 'நானே செய்கிறேன்' என்று சொல்லவே முடியாது.

கோட் போட்ட பிறகு

16 சீசன் ஆடிவிட்டு ஸ்டார் ஓய்வு பெற்றார். 1972-ல் ஒரு வருஷம் குவாட்டர்பேக்குகளுக்கு மட்டும் கோச்சாக இருந்தார். அந்த வருஷம் அணி 10 வெற்றி, 4 தோல்வி. பிறகு டெலிவிஷனில் வர்ணனையாளராகப் போய்விட்டார். 1974 டிசம்பர் கடைசியில் அவரைக் கூப்பிட்டு, தலைமைக் கோச் மட்டுமல்ல, ஜெனரல் மேனேஜர் பதவியையும் சேர்த்துக் கையில் கொடுத்தார்கள். ஊரே கொண்டாடியது. இருக்காதா பின்னே? ஐந்து தடவை ஜெயித்துக் கொடுத்தவர் ஆயிற்றே!

ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலியின் கால் முன்பே ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்பிருந்த கோச் 1974 அக்டோபரில், 34 வயது குவாட்டர்பேக் ஜான் ஹாடலை வாங்குவதற்காக, அடுத்த இரண்டு வருஷத்து டிராஃப்டில் முதல் சுற்றுகளில் ஆள் எடுக்கும் உரிமைகள் ஐந்தை லாஸ் ஏஞ்சலஸ் அணிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விதைநெல்லை விற்றுவிட்டுப் போன பண்ணையை வாங்கின மாதிரி!

முதல் வருஷம் 4 வெற்றி, 10 தோல்வி. அடுத்து 5-9. அடுத்து 4-10. 1978-ல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். மறுபடி சரிவு. 1980 சீசனுக்குப் பிறகு ஜெனரல் மேனேஜர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். 1982-ல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் சீசன் சுருங்கியது. அந்தச் சின்ன சீசனில் பிளே ஆஃப் வரை போனார்கள், அங்கே ஒன்று ஜெயித்து அடுத்ததில் தோற்றார்கள். 1983-ல் அணி அடித்த பாயிண்ட் 429, விட்டுக்கொடுத்தது 439. அடிக்கத் தெரிந்தது, தடுக்கத் தெரியவில்லை. கடைசி ஆட்டம் சிகாகோவோடு. ஜெயித்திருந்தால் பிளே ஆஃப். முடிவு 21-23. மறுநாளே ஸ்டாரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஒன்பது சீசன். 52 வெற்றி, 76 தோல்வி, 3 சமம். எந்த மைதானத்தில் அவரைத் தோளில் தூக்கினார்களோ, அதே மைதானம்.

ஒரு வருஷமும் இருபது வருஷமும்

ஏன் தோற்றார்? "ஆளு ரொம்ப நல்லவர், அதான்" என்பார்கள் சிலர். நான் ஏற்கமாட்டேன். நல்லவராக இருந்துதானே ஐந்து தடவை ஜெயித்தார்! "விதைநெல் இல்லையே" என்பார்கள் சிலர். அது பாதி உண்மை. முதல் மூன்று வருஷத்துக்கு அந்தச் சாக்கு செல்லும். ஒன்பது வருஷத்துக்குச் செல்லாது.

என் கட்சி இதுதான். அவரை ஆட்டத்தில் பழக்கினார்கள், கோச் வேலையில் பழக்கவில்லை.

லம்பார்டியைப் பாருங்கள். அவரும் கிரீன் பேயில் ஒன்பது சீசன்தான் கோச்சாக இருந்தார். 89 வெற்றி, 29 தோல்வி, 4 சமம். ஆட்டக்காரராக அவர் ஸ்டார் அளவுக்குப் பெயர் வாங்கியவர் அல்ல. 1939-ல் நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, லத்தீன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பசங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தவர். பிறகு ஃபோர்டாம் பல்கலைக்கழகம். பிறகு வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் உதவிக் கோச். பிறகு நியூயார்க் ஜயண்ட்ஸில் உதவிக் கோச். கிரீன் பே வருவதற்குள் இருபது வருஷம்! இருபது வருஷம் மற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்தே கை பழகினவர் அவர். ஸ்டாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வருஷம்.

"ஆட்டக்காரன் கோச் ஆகவே முடியாதா அப்போ?" என்று என் ரூம்மேட் கேட்டான். முடியும். டாம் ஃபுளோரஸ் என்று ஒருவர். அவரும் குவாட்டர்பேக்தான். ஸ்டார் அளவுக்குப் புகழ் கிடையாது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் 1972 முதல் 1978 வரை ஏழு வருஷம் உதவிக் கோச்சாகவே இருந்தார். 1979-ல்தான் தலைமைக் கோச். 1980 சீசனில் சூப்பர் பவுல் ஜெயித்தார். 1983 சீசனில் மறுபடியும் ஜெயித்தார். ஸ்டாரை வீட்டுக்கு அனுப்பிய அதே சீசன்! ஆட்டத்தில் மேலே இருந்தவர் கோச் வேலையில் கீழே போனார். ஆட்டத்தில் நடுவில் இருந்தவர் மேலே போனார். நடுவே இருந்த வித்தியாசங்களில் பெரியது அந்த ஏழு வருஷம் என்பேன்.

ஸ்டாரை நீக்கிய பிறகு கிரீன் பே யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? அவரோடு சேர்ந்து ஆடிய ஃபாரஸ்ட் கிரெக்கை! அவர் வேறு அணியைக் கோச்சாக சூப்பர் பவுல் வரை கொண்டுபோனவர், அனுபவசாலி. அவருக்கும் கிரீன் பேயில் நான்கு வருஷத்தில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். ஆகவே அனுபவம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அனுபவம் இல்லாமல் ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்கிறேன். பரிசு என்று சொல்லி கொடுக்கும் அநியாயம்!

மூன்றாவது வேலை

வேலை போன பிறகு ஸ்டார் என்ன செய்தார்? அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரத்துக்கு ஒரு புது அணி கொண்டுவர முயன்ற குழுவோடு சேர்ந்தார். வருஷக்கணக்கில் அலைந்தார்கள். 1988-ல் செயிண்ட் லூயிஸ் அணியே அங்கே குடிபெயர்ந்து வந்துவிட, அந்த முயற்சி அதோடு முடிந்தது. அதே 1988-ல் அவருடைய இளைய மகன் 24 வயதில் போதைப் பழக்கத்தால் இறந்துபோனார். தோல்வி என்ற வார்த்தைக்கு முன்னால், மைதானத்துத் தோல்வியெல்லாம் எவ்வளவு சின்னது என்று அந்த இடத்தைப் படிக்கும்போது தோன்றியது.

பிறகு அலபாமாவில் பர்மிங்காம் நகரத்தில் குடியேறினார். அங்கே முன்பே கார் விற்பனை நிலையம் ஒன்று அவர் பெயரில் இருந்தது. மருத்துவர்களுக்கான அலுவலகக் கட்டடங்களை உருவாக்கி நிர்வகிக்கும் தொழிலில் இறங்கிப் பல வருஷம் நடத்தினார். கைதட்டல் இல்லாத வேலை. அதில் நிலைத்து நின்றார்.

பெயர் கதவைத் திறக்கும். உள்ளே உட்கார வைப்பது வேறு. அதற்கு நல்ல உதாரணம் ரோஜர் ஸ்டாபாக். டல்லஸ் கவ்பாய்ஸின் குவாட்டர்பேக். ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, சீசன் இல்லாத மாதங்களில், டல்லஸில் ஹென்றி எஸ். மில்லர் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனியில் வேலைக்குப் போனார். நாடே கொண்டாடும் ஆட்டக்காரர், இன்னொருவரிடம் தொழில் கற்றுக்கொண்டார்! 1977-ல் சொந்தக் கம்பெனி. 1980-ல்தான் ஆட்டத்திலிருந்து ஓய்வு. 2008-ல் அந்தக் கம்பெனியை ஜோன்ஸ் லாங் லசால் நிறுவனம் சுமார் 61 கோடி டாலருக்கு வாங்கியது. தொழிலுக்கும் அப்ரெண்டிஸ் காலம் உண்டு என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

ஸ்டாரிடம் இன்னொன்றும் இருந்தது. 1965-ல் விஸ்கான்சினில் வழிதவறிய பையன்களுக்காக ஒரு தம்பதி ஆரம்பித்த ராஹைட் இல்லத்துக்கு அவரும் மனைவி செரியும் கைகொடுத்தார்கள். சூப்பர் பவுல் விருதாகக் கிடைத்த கார்வெட் காரைக் குலுக்கலில் விட்டு, அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கொடுத்தார். அதனால்தான் 52-76 என்ற கணக்கு அவர் பெயரை அழிக்கவில்லை. பக்கவாதத்தால் முடங்கிப்போன நிலையிலும், 2015 நவம்பரில் பிரெட் ஃபேவ் என்ற பிற்கால குவாட்டர்பேக்கை கௌரவிக்கும் விழாவுக்குக் கிரீன் பே மைதானத்துக்கு வந்தார். மைதானமே எழுந்து நின்றது. 2019 மே 26-ல், 85 வயதில் காலமானார்.

நாம என்ன செய்யலாம்?

பேசிக்கொண்டே போகலாம். நமக்கு என்ன?

நம்ம பாலிடெக்னிக்கிலும் இதே பழக்கம் இருக்கிறது. முதல் மார்க் வாங்கினவன் கிளாஸ் லீடர். நல்லா ஆடுகிறவன் கேப்டன். ஃபிட்டிங்கில் கெட்டிக்காரன் பேட்ச் லீடர். அவன் என்ன செய்கிறான்? மற்ற நாலு பேரின் ஜாபையும் தானே ஃபைல் பண்ணிக் கொடுத்துவிடுகிறான். எல்லாருக்கும் மார்க் வந்துவிடும். யாருக்கும் வேலை வராது. அவனுக்கும் ஆளை வேலை வாங்கத் தெரியாமலே மூன்று வருஷம் முடிந்துவிடும். நானும் அந்த மாதிரி பேட்ச் லீடர்தான். ரெண்டாமாண்டில் நாலு பேருக்கு ஸ்குயர் ஃபிட்டிங் செய்து கொடுத்துப் பெருமைப்பட்டவன்தான்.

பேரவைக்கும் துறைத்தலைவர்களுக்கும் மூன்று யோசனை சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கிளாஸ் லீடர், பேட்ச் லீடர் பொறுப்பை மாதத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். அரியர் வைத்தவனுக்கும் ஒரு மாதம் கொடுங்கள். யாருக்கு எது வரும் என்று செய்து பார்க்காமல் எப்படித் தெரியும்? கூடைப்பந்து கோச் கண்ணில்தானே ஸ்டார் பட்டார்!

இரண்டு: மூன்றாமாண்டு மாணவன் ஒவ்வொருவனும் வாரம் இரண்டு மணி நேரம் முதலாமாண்டு ஒர்க்ஷாப்பில் நிற்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: அரத்தைக் கையால் தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் சொல்லி மட்டும் அவனைச் செய்ய வைக்க வேண்டும். எவ்வளவு கஷ்டம் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

மூன்று: சொந்தத் தொழில் கனவு உள்ளவர்கள் செமஸ்டர் லீவில் ஒரு சின்ன ஒர்க்ஷாப் முதலாளியிடம் போய் நில்லுங்கள். மெஷின் ஓட்ட அல்ல. கொட்டேஷன் எப்படிப் போடுகிறார், பில் பணத்தை எப்படி வசூல் செய்கிறார், வராத பணத்துக்கு என்ன செய்கிறார் என்று பார்க்க.

"அப்போ கைத்திறமைக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்காதீர்கள். அதற்கு முழு மதிப்பு கொடுக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன். நல்ல டர்னருக்கு நல்ல டர்னராகவே சம்பளமும் மரியாதையும் உயர வழி இருக்க வேண்டும். மேலே போக வேண்டுமென்றால் மெஷினை விட்டே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தால், நல்ல டர்னரையும் இழப்போம், நல்ல சூப்பர்வைசரும் கிடைக்கமாட்டார்.

போன மாதம் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவின் ஷெட்டில் உட்கார்ந்து ஸ்டார் கதையைச் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். "ஒன்பது வருஷமா? பாவம்யா அந்த மனுஷன். நான் 14 மாசத்துல தப்பிச்சுட்டேன்" என்று சிரித்தார். அந்த 14 மாதத்தைப் பற்றி அவர் சிரித்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவரே சொன்னார்: "எனக்கு யாராச்சும் ஒரு வருஷம் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்திருந்தா, நானும் கத்துக்கிட்டிருப்பேன்டா."

அடுத்த இண்டர்வியூவில் அதே கேள்வியை என்னிடம் கேட்டால், பதில் தயாராக இருக்கிறது. "முதல்ல நல்ல டர்னரா இருப்பேன் சார். சூப்பர்வைசர் வேலையைக் கத்துக்கொடுத்தா, அதையும் முதல்லேர்ந்து கத்துக்குவேன்."

வேலை கிடைக்குமா, கிடைக்காதா, தெரியாது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "சரியாத்தான் சொல்றே" என்றார்.